மூன்று நாள் பள்ளி, இரண்டு நாள் பட்டறை: மகனை அனுப்பலாமா?

வாசகர் கேள்வி:

என் மகனுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். கணக்கில் மதிப்பெண் குறைவு, மற்றவை சுமார். ஆனால் கைவேலை என்றால் நேரம் போவதே அவனுக்குத் தெரியாது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் பாடம், இரண்டு நாள் ஓர் இயந்திரப் பட்டறையில் பயிற்சி என்று அவன் பள்ளியில் ஒரு பிரிவு இருக்கிறது. அதில்தான் சேருவேன் என்று நிற்கிறான். "பட்டறைக்கு அனுப்பத்தான் இத்தனை வருஷம் படிக்க வைத்தோமா?" என்று கேட்கிறார் அவன் அப்பா. படிப்பு கெட்டுவிடுமோ, மேற்படிப்புக்கு வழி அடைபடுமோ, அங்கே எடுபிடியாக வைத்துக்கொள்வார்களோ, கையில் காலில் அடிபடுமோ என்று எனக்கு எல்லாப் பக்கமும் பயம். என்ன செய்யட்டும்?

— ஒரு தாய்

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுதியான பிறகுதான். ஒன்று, உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுப்பதைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட ஒருவர் அந்தப் பட்டறையில் இருக்க வேண்டும். "இவர்தான்" என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஒருவர். இரண்டு, மீதி மூன்று நாளும் பள்ளி பள்ளியாகவே நடக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், பையன் எவ்வளவு அடம்பிடித்தாலும் அனுப்பாதீர்கள். இரண்டும் இருக்கின்றனவா என்று சேர்ப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும். தொழிற்கல்வி மாணவர்களைப் பயிற்சி இடங்களுக்கே போய்ப் பார்த்துவரும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் பயம். அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். வேலைக்குப் போன பிள்ளை பள்ளிக்குத் திரும்பாத கதை எத்தனையோ குடும்பங்களில் நடந்திருக்கிறது. அந்த நினைவிலிருந்துதான் அவர் பேசுகிறார். அவருக்குச் சொல்ல வேண்டியது, வேலையும் பயிற்சியும் சட்டத்தின் கண்ணிலேயே வேறு வேறு என்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டின் 138ஆம் உடன்படிக்கை வேலைக்கான குறைந்தபட்ச வயதை 15 என்று வைக்கிறது. வசதி போதாத நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ள இடம் உண்டு. ஆபத்தான வேலைக்கு 18. அதே உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, பள்ளியின் பொறுப்பில் நடக்கும் ஒரு படிப்பின் பகுதியாக, 14 வயது நிறைந்தவர்கள் தொழிலகத்தில் செய்யும் பயிற்சியைத் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. அதே பையன், அதே இயந்திரம்தான். ஆனால் அந்த ஏற்பாடு யாருடைய நன்மைக்காகச் செய்யப்பட்டது, அதற்கு யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது வித்தியாசம். 2023இல் அதே அமைப்பு தரமான தொழிற்பழகுநர் பயிற்சிக்கென்றே 208ஆம் எண் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஆக, உலகம் இதை ஒப்புக்கொண்ட ஒரு கல்வி முறையாகவே பார்க்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் வயது, நேரம், பதிவு பற்றி என்ன இருக்கிறது என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால், அவர்களும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்ப்பது எளிது. அங்கே 1969 முதல் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும், ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார்கள். உலோகத் தொழில்களில் பெரும்பாலும் மூன்றரை ஆண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் தொடங்க முடியாது. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவாத வேலையையோ, அந்த வயதின் உடல் வலுவுக்கு மீறிய வேலையையோ பயிற்சி மாணவருக்குத் தரக்கூடாது. பள்ளி நேரத்துக்கு அவரை விடுவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. கற்றுக்கொடுப்பவருக்குத் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். கடைசியில் மாணவரைச் சோதிக்கும் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர்கள் தரப்பும் சமமாக இருப்பார்கள், தொழிற்பள்ளி ஆசிரியரும் இருப்பார். பயிற்சி கொடுத்த நிறுவனமே தன் மாணவருக்குத் தானே "தேர்ச்சி" என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது.

ஜெர்மன் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது பதிவேடு. என்ன வேலை செய்தேன், என்ன கற்றேன் என்று மாணவர் தானே எழுதிவர வேண்டும். பயிற்றுநர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எளிய காரியம்தான். ஆனால் எழுதுவதற்கு ஒன்றுமில்லாத வாரம் வந்தால் அந்தப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சாதாரண நோட்டு வாங்கிக் கொடுத்து அவனை எழுதச் சொல்லுங்கள். பட்டறையில் கையெழுத்து வாங்கிவரச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

எடுபிடி வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூட்டுவதும் துடைப்பதும் எல்லாப் பயிற்சியிலும் உண்டு, அதற்காகக் கோபப்பட வேண்டாம். லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், குவிந்த உலோகச் சுருளைக் கையால் தொடாமல் கொக்கியால் இழுத்து அள்ளுவது, வேலை முடிந்ததும் இயந்திரப் பாகங்கள் நகரும் தடங்களைத் துடைத்து எண்ணெய் போடுவது எல்லாம் தொழிலைச் சேர்ந்தவை. பார்க்க வேண்டியது நகர்வை. முதலில் அளக்கக் கற்க வேண்டும்: அளவுகோல், வெர்னியர், மைக்ரோமீட்டர். பிறகு குறியிடுதல், அரம் போடுதல், துளையிடுதல். அதன் பிறகு லேத்தில் முகம் எடுப்பது (தண்டின் முனையைச் சமமாக்குவது), விட்டம் குறைப்பது, சரிவு கடைவது, மரை வெட்டுவது. கூடவே வரைபடம் படிப்பது. மாதம் ஒருமுறை அவனிடம், "புதிதாக என்ன செய்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாம் மாதத்திலும் பிறர் கடைந்த உருப்படிகளுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டே இருக்கிறான் என்றால், அங்கே அவன் சம்பளம் குறைந்த ஓர் ஆள், அவ்வளவுதான். பள்ளியிடம் போய்ப் பேச வேண்டிய நேரம் அது.

இன்னொரு சிக்கல், பெற்றோர் கண்ணுக்கு எளிதில் படாதது. பட்டறைக்காரர் நல்லவராக இருப்பார், பையனை மரியாதையாக நடத்துவார், சொல்லிக் கொடுக்கவும் தயாராக இருப்பார். ஆனால் அந்தப் பட்டறைக்கு வரும் வேலை ஒரே உருப்படியாக இருக்கும். மாதக்கணக்கில் ஒரே புஷ் (தண்டு சுழலும் துளைக்குள் பொருத்தும் உருளை வளையம்), ஒரே அளவு. அங்கே இரண்டு வருடம் நின்றாலும் அவன் கைக்கு ஒரே அசைவுதான் பழகும். யார் மீதும் குற்றமில்லாமலே பயிற்சி வீணாகும் இடம் இது. சுவிட்சர்லாந்தில் இதற்கு ஓர் அருமையான தீர்வு வைத்திருக்கிறார்கள். பள்ளி, நிறுவனம் இரண்டும் போக மூன்றாவதாக ஓர் இடம். ஒரு தொழிலைச் சேர்ந்த அமைப்புகள் பொதுவாக நடத்தும் பயிற்சி மையங்களுக்கு மாணவர்கள் சில நாட்கள் போய், தங்கள் நிறுவனத்தில் கிடைக்காத அடிப்படை வேலைகளைப் பழகிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு மையம் இல்லாத இடத்தில் அந்தக் குறையைப் பள்ளியின் சொந்தப் பட்டறைதான் நிரப்ப வேண்டும். ஆகவே பள்ளியில் கேளுங்கள்: இந்தப் பட்டறையில் கிடைக்காத வேலைகளை என் மகன் எங்கே கற்பான்?

எதிர்பார்ப்பையும் சரியான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்தாலும், வாரம் இரண்டு நாள் வீதம் இரண்டு ஆண்டில் சுமார் 160 நாள் பயிற்சிதான் வரும். அதில் முழுத் தேர்ச்சி பெற்ற கடைசல்காரர் உருவாக முடியாது. நல்ல தொடக்கம் கிடைக்கும், தொழில் ஒழுங்கு பழகும், இந்தத் தொழில் தனக்கு ஆகுமா ஆகாதா என்று அவனுக்குத் தெரியும். "முடித்தவுடன் கைநிறையச் சம்பளம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை ஒதுக்கிவிடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். "படிப்பு ஏறாவிட்டாலும் பட்டறையில் கணக்கு தானாக வந்துவிடும்" என்று ஒரு தரப்பு சொல்லும். "கணக்கு வராதவனுக்கு மிஷின் வேலை எதற்கு" என்று மறு தரப்பு சொல்லும். இரண்டும் தவறு.

1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரேசிலின் ரெசிஃபெ நகரில் தெருவோரம் வியாபாரம் செய்துகொண்டிருந்த 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளை டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் கவனித்தார்கள். வாடிக்கையாளர் போல நின்று கேட்டபோது, கணக்குகளில் 98 விழுக்காட்டுக்கு அந்தப் பிள்ளைகள் சரியாகப் பதில் சொன்னார்கள். அதே எண்களைப் பின்னர் உட்கார வைத்து, வெறும் பெருக்கல் வகுத்தலாகத் தாளில் கொடுத்தபோது அது 37 விழுக்காட்டுக்கு இறங்கியது. கதை வடிவக் கணக்காகக் கொடுத்தபோது 74. ஒரு தேங்காய் 35 என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்றதற்கு மனக்கணக்காகவே 140 என்று சொன்ன 12 வயதுப் பையன், தாளில் 35 பெருக்கல் 4 என்றதும் 200 என்று எழுதினான். அந்த வயதில் அவர்கள் தெருவில் விற்றுக்கொண்டிருந்தது வருத்தமான விஷயம், அதை நான் பாராட்டவில்லை. ஆனால் அந்த ஆய்வு காட்டிய உண்மை உங்கள் மகனுக்கு முக்கியம். கையில் இருக்கும் கணக்கு தாளுக்குத் தானாக ஏறாது. தாளில் இருக்கும் கணக்கும் தானாகக் கைக்கு இறங்காது. இடையில் நின்று யாராவது இணைத்துவிட வேண்டும்.

அந்த இணைப்பு எப்படி இருக்கும் என்று அவன் தொழிலிலிருந்தே காட்டுகிறேன். 40 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்றை 50 மி.மீ. நீளத்துக்குள் 30 மி.மீ.க்குச் சரிவாகக் கடைய வேண்டும். லேத்தில் வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடு என்ற பகுதியை எத்தனை பாகை திருப்பி வைப்பது? இரண்டு விட்டங்களுக்கும் இடையே வித்தியாசம் 10, அதில் பாதி 5. அதை நீளம் 50ஆல் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன் 0.1? ஏறத்தாழ 5.7 பாகை. பத்தாம் வகுப்பில் "இது எதற்கு சார்?" என்று அவன் கேட்டிருக்கக்கூடிய அதே முக்கோணவியல்தான். அதேபோல, எஃகை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் (தண்டின் மேற்பரப்பு உளியைக் கடந்து ஓடும் வேகம்) கடைய வேண்டும் என்றால், 50 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 191 சுற்று. தண்டு 25 மி.மீ. ஆனால் 382 சுற்று. விட்டம் பாதியானால் சுற்று ஏன் இரட்டிப்பாகிறது என்று அவன் ஒருமுறை இயந்திரத்தின் முன் நின்று புரிந்துகொண்டால், எதிர்விகிதம் அவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் பட்டறையில் பெரும்பாலும் இதைக் கணக்காகச் சொல்ல மாட்டார்கள். "இந்த லீவரை இங்கே போடு" என்பார்கள். வேலை நடந்துவிடும், கணக்கு நடக்காது.

ஆகவே சேர்ப்பதற்கு முன் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். பட்டறை நாட்களில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். "தெரியும், போன வாரம் சரிவு கடைந்தார்கள், அதை வைத்துத்தான் இந்தப் பாடம் எடுத்தேன்" என்பது போலப் பதில் வந்தால், யோசிக்காமல் அந்தப் பள்ளியை நம்பலாம். வேறெந்தச் சான்றிதழையும் விட இந்த ஒரு பதிலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பள்ளிக்கும் பட்டறைக்கும் நடுவே போய்வரும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை போகிறார் என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பாதி.

மேற்படிப்பு வழி அடைபடுமா? அது அந்த அமைப்பைக் கட்டியவர்களைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியைத்தான் எடுக்கிறார்கள். 1990களில் அங்கே தொழில்சார் உயர்நிலைச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து, பயிற்சியில் இருந்தவர்களுக்குச் செயல்முறைப் பல்கலைக்கழகங்களின் கதவைத் திறந்தார்கள். ஆஸ்திரியாவில் 2008 முதல் பயிற்சியோடு சேர்த்தே பல்கலைக்கழகத் தகுதித் தேர்வுக்கும் படிக்கலாம். அப்படி வழி வெட்டாத இடங்களில் பிள்ளைகள் நடுவழியில் நின்றுவிடுவதும் உண்டு. உங்கள் பள்ளியிடம் மூன்று கேள்வி. முடிவில் கிடைக்கும் சான்றிதழ் பொதுப் பிரிவு மாணவர் வாங்கும் சான்றிதழுக்குச் சமமா? அதை வைத்து எந்தெந்தப் படிப்புகளில் சேர முடியும், எவற்றில் முடியாது? கணக்கும் மொழியும் பொதுப் பிரிவின் அதே பாடத்திட்டமா, குறைத்த பாடத்திட்டமா? இரண்டாவது கேள்விக்கு, "எல்லாவற்றிலும் சேரலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கல்லூரிகளின் சேர்க்கை விதிகளை நீங்களே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

குறைத்த பாடத்திட்டத்தை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். 2017இல் எரிக் ஹனுஷெக்கும் மூன்று பொருளாதார அறிஞர்களும் 11 நாடுகளின் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் வயது ஏற ஏற, தொழில்நுட்பம் மாறும்போது, பொதுக்கல்வி படித்தவர்களை விட அவர்களுக்கு வேலையில் நீடிப்பது கடினமாகிறது. பழகுநர் பயிற்சி ஊன்றிய நாடுகளில்தான் இது அதிகம் தெரிந்தது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். இன்று கையால் திருப்பும் லேத்தில் பழகுகிறவன், நாளை கணினி கட்டுப்படுத்தும் இயந்திரத்துக்கு மாற வேண்டியிருக்கும், ஐம்பது வயதில் நாம் யாரும் பெயர்கூடக் கேட்டிராத ஒன்றுக்கு. அந்த மாற்றத்தில் அவனைத் தாங்குவது கணக்கும், படித்துப் புரிந்துகொள்ளும் திறனும்தான். மொழிப் பாடத்தைப் பட்டறைப் பிள்ளைகள் அலட்சியம் செய்வதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். இயந்திரக் கையேடு, பாதுகாப்பு அறிவிப்பு, வேலை ஒப்பந்தம், முதலாளிக்கு எழுத வேண்டிய ஒரு புகார், எல்லாவற்றுக்கும் மொழி வேண்டும்.

பாதுகாப்பு. இதில் சமரசமே வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதம்தான் மிக ஆபத்தானது. ஓராண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர்களோடு ஒப்பிட்டால் முதல் மாதத்தில் காயமடையும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்று கனடாவில் கண்டிருக்கிறார்கள். வயதைவிட, புதுசு என்பதே முதல் ஆபத்து. நீங்கள் பட்டறைக்குப் போகும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வேலை செய்பவர்கள் கண்ணாடி போட்டிருக்கிறார்களா? முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு, கையில் மோதிரம் என்று யாராவது லேத் முன் நிற்கிறார்களா? "லேத்தில் கையுறை போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதுகாப்புக்குத் தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் சுழலும் இயந்திரத்தில் கையுறை சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும். "போடவே கூடாது" என்று உடனே பதில் வர வேண்டும். தண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி சக். அதை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினால் அது குண்டு போலப் பறக்கும். முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம் அது. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று உங்கள் மகன் முதல் வாரத்தில் வந்து சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குள் தொடக்கூடாது என்று உங்கள் நாட்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கும் இயந்திரங்களின் பட்டியல் பள்ளியிடம் இருக்க வேண்டும். அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மனிதர்களாலும் காயம் வரும். "அடித்துத்தான் தொழில் கற்றோம்" என்று பெருமையாகச் சொல்லும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பையன் மீது யாரும் கைநீட்டக் கூடாது, ஸ்பானரைத் தூக்கி எறியக் கூடாது, கெட்ட வார்த்தையில் கூப்பிடக் கூடாது, சிகரெட் வாங்க ஓடச் சொல்லக் கூடாது. தவறான தொடுதல் ஆண்பிள்ளைக்கும் நடக்கும் என்பதை மறக்காமல் அவனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பெண்பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை எப்போதும் கேட்கிறார்கள், ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்பதே இல்லை. ஏதாவது நடந்தால் அவன் பள்ளியில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவரை முன்பே முடிவுசெய்து வையுங்கள். அப்படிச் சொன்னால் பயிற்சி பறிபோய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இருக்கக் கூடாது.

நேரக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பட்டறை நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவான், எத்தனை மணிக்குத் திரும்புவான், அன்றைக்கு வீட்டுப்பாடம் உண்டா? எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வரும் பிள்ளை அன்றிரவு புத்தகம் திறக்க மாட்டான், திறக்கவும் வேண்டாம். ஜெர்மனியில் பதினெட்டுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி என்று உச்சவரம்பு இருக்கிறது, பள்ளி நேரமும் அந்தக் கணக்கில் சேரும். "வேலை அவசரம், சனிக்கிழமையும் வா" என்பது ஒருமுறை தொடங்கினால் நிற்காது. முதல் முறையே பள்ளி மூலமாக மறுத்துவிடுங்கள். தேர்வு மாதத்தில் பயிற்சி நாள் எப்படி மாறும் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

உதவித்தொகை கொடுத்தால் நல்லது. அது அவன் பெயரிலேயே இருக்கட்டும். வீட்டுச் செலவு அதை நம்பி நிற்க வேண்டாம். நின்றுவிட்டால், பயிற்சி சரியில்லை என்று தெரிந்த பிறகும் அவனால் விட்டு வர முடியாது.

இனி வீட்டுக்குள் நடக்க வேண்டிய பேச்சு. உங்கள் மகனைத் தனியாக உட்கார வைத்து, எதற்காக இந்தப் பிரிவு வேண்டும் என்று கேளுங்கள். கணக்கிலிருந்து தப்பிக்கவா, இயந்திரத்தின் மேல் ஆசையா? முதலாவது என்றால் ஏமாந்துபோவான், ஏனென்றால் கணக்கு அங்கேயும் காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது என்றால், இதுவரை எந்த ஆசிரியராலும் வராத ஆர்வம் கணக்கில் அவனுக்கு வரக்கூடும். இரண்டும் கலந்து இருந்தாலும் பரவாயில்லை, பதினாறு வயதில் அது இயல்பு. "படிப்பு வராததால் பட்டறைக்கு அனுப்புகிறோம்" என்ற வார்த்தை மட்டும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, உறவினர் முன்னால் விளையாட்டுக்குக்கூட. அதைக் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளை இரண்டு இடத்திலும் மனம் ஊன்ற மாட்டான்.

உங்கள் கணவரோடு விவாதிப்பதை நிறுத்திவிட்டு அவரையும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும். "என் மகனுக்கு யார் கற்றுக்கொடுப்பார்?" என்று அவர் கேட்க, ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, "நான்தான் சார், முதல் மாதம் அளவெடுக்க மட்டும்தான் விடுவேன்" என்று சொன்னால், நீங்கள் வாரக்கணக்கில் பேசியும் நடக்காதது அங்கே நடந்துவிடலாம். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால், உங்கள் கணவர் சொல்வதுதான் இந்தப் பட்டறையைப் பொறுத்தவரை சரி. அப்போதும் பள்ளியிடம் வேறு பயிற்சி இடம் கேட்கலாம், அந்தப் பிரிவையே கைவிட வேண்டியதில்லை.

கையெழுத்திடும் முன் கடைசியாக ஒன்று. ஜெர்மன் சட்டம் பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் நான்கு மாதத்துக்கு மிகாமலும் சோதனைக் காலம் வைக்கிறது. அந்தக் காலத்துக்குள் இரு தரப்பும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். உங்கள் மகனுக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும். எந்தத் தேதிவரை அவன் ஓர் ஆண்டை இழக்காமல் பொதுப் பிரிவுக்குத் திரும்பலாம் என்று பள்ளியிடம் கேளுங்கள். அதுவரை விட்டுப்போன பாடங்களை யார் நடத்திக்கொடுப்பார் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கி, ஒப்பந்தத்தின் நகலோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் மூவரும் அவன் பதிவேட்டைத் திறந்து வைத்துப் படியுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்